உறுமலுக்கு அடியில் ஓடும் மெட்டு

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "ஹெவி மெட்டலில் அயர்ன் மெய்டன், மெட்டாலிகா குழுக்கள் எல்லாம் நன்றாகப் பிடித்துவிட்டன. அதற்கு அப்பால் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்று இன்னும் கடுமையான வகைகளுக்குப் போனால் எனக்குக் கத்தல் மட்டும்தான் கேட்கிறது. அந்த வகைகளிலேயே மெட்டு நிறைந்த, ஒரு சூழலுக்குள் இழுத்துக்கொண்டு போகிற ஆல்பங்கள் இருக்கின்றன என்கிறார்கள். அவை எவை? எதிலிருந்து தொடங்குவது?"

சரி. பெயர்களை அடுக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வெறும் பட்டியலோடு போய் உட்கார்ந்தால் நீங்கள் மறுபடியும் கத்தலைத்தான் கேட்பீர்கள். நானே இரண்டு வருடம் அப்படித்தான் கேட்டேன். அதனால் காதை எங்கே வைப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாம் பாட்டு கேட்டுப் பழகிய விதத்தில், மெட்டு என்றால் அது பாடுகிறவர் வாயில் இருக்கும். வயலினும் குழலும் அதைப் பின்தொடரும், அல்லது அவர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பும். அதனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் நம் காது தானாகவே குரலைத்தான் தேடிப் போகிறது. இங்கே அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். இந்த இசையில் பாடுவது கிடார், குரல் ஒரு தாள வாத்தியம். உறுமலில் ஸ்வரம் கிடையாது. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன, சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. அவற்றை அதிரவிட்டு வருவதுதான் இந்தக் கரகரப்பு. (தென் சைபீரியாவின் துவா நாட்டு மேய்ப்பர்களின் தொண்டைப் பாட்டில் ஆக அடியில் கேட்கும் அந்த ஆழ்ந்த ஓசையும் இதே மடிப்புகளிலிருந்து வருவதுதான். ஆக, மனிதத் தொண்டைக்கு இது ஒன்றும் புதிய வேலை அல்ல.) ஸ்வரம் இல்லாத ஒன்றில் மெட்டைத் தேடினால் கிடைக்காது. குரலை இன்னொரு டிரம் என்று ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு கிடார்களையும் பின்தொடருங்கள். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

இரண்டு கிடார்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இன் ஃப்ளேம்ஸ் குழுவின் 'த ஜெஸ்டர் ரேஸ்' ஆல்பத்தை நான் முதலில் கேட்டபோது என் இயர்போனில் வலது பக்கம் செத்துப்போயிருந்தது. ஒரு பக்கம்தானே, சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஏதோ ஒரு கிடார் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, இதற்கா இவ்வளவு புகழ் என்று தோன்றியது. இரண்டு மாதம் கழித்து வேறு இயர்போனில் அதே ஆல்பம். இடது காதில் நான் மனப்பாடமாக அறிந்த அதே கிடார். வலது காதில் அதே நடையில், ஆனால் இரண்டு படி மேலே நின்றுகொண்டு இன்னொன்று. அங்கே ஸ என்றால் இங்கே க, அங்கே ரி என்றால் இங்கே ம, அங்கே க என்றால் இங்கே ப. இரண்டும் பிரியாமல் கைகோத்து நடக்கின்றன. அயர்ன் மெய்டன் பிடித்த உங்களுக்கு இது புதிதல்ல, அங்கிருந்து வந்ததுதான். ஸ்வீடன்காரப் பையன்கள் அதை எடுத்து டெத் மெட்டலின் வேகத்துக்கும் கனத்துக்கும் மேலே உட்கார வைத்தார்கள்.

கர்நாடக இசை கொஞ்சம் கேட்பவராக இருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. மேற்கில் நேச்சுரல் மைனர் என்பது நம் நடபைரவியின் ஸ்வரங்கள். ஹார்மோனிக் மைனர் என்பது கீரவாணி. இப்படி மெட்டை முன்னால் வைக்கும் டெத் மெட்டலுக்கு மெலோடிக் டெத் மெட்டல் என்று பெயர்; அதன் பெரும்பாலான மெட்டுகள் இந்த இரண்டைச் சுற்றியே வருகின்றன. கமகம் இருக்காது, ராகமாக விரியாது. அந்த எதிர்பார்ப்போடு போக வேண்டாம். ஆனால் அந்தச் சோகம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், காரணம் அதுதான்.

இப்போது ஆல்பங்களுக்கு வருவோம். மெட்டு வேண்டும் என்றால் முதல் நிறுத்தம் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரம், 1995க்கும் 1996க்கும் இடைப்பட்ட சில மாதங்கள். அட் த கேட்ஸ் குழுவின் 'ஸ்லாட்டர் ஆஃப் த சோல்', டார்க் ட்ராங்க்விலிட்டியின் 'த கேலரி', இன் ஃப்ளேம்ஸின் 'த ஜெஸ்டர் ரேஸ்' மூன்றும் அந்தக் குறுகிய காலத்துக்குள், ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமின் ஸ்டுடியோ ஃப்ரெட்மனில் பதிவானவை. எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எவ்வளவு தெரிந்தவர்கள் என்றால், டார்க் ட்ராங்க்விலிட்டியின் முதல் ஆல்பத்தில் பாடியவர் ஆண்டர்ஸ் ஃப்ரிடேன், இன் ஃப்ளேம்ஸின் முதல் ஆல்பத்தில் பாடியவர் மிக்கேல் ஸ்டானே. பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மாறிய பிறகுதான் இரண்டு குழுக்களுக்கும் முகம் வந்தது.

மூன்றில் 'ஸ்லாட்டர் ஆஃப் த சோல்' தான் எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்கும். 34 நிமிடம், ஒரு கிராம் கொழுப்பு கிடையாது. அருமையான ஆல்பம். ஆனால் உங்கள் கேள்விக்கு அது சரியான முதல் விடை அல்ல என்பது என் எண்ணம். அது ஒரு இயந்திரம்; கிளம்பினால் நிற்காது, மெட்டை ரசிக்க அவகாசம் தராது. 2000களில் அமெரிக்காவில் வந்த மெட்டல்கோர் (ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்த வகை) குழுக்கள் பல இதையே கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்தன. அதனால் இப்போது கேட்கிறவர்களுக்கு மூலமே நகல் மாதிரிப் படுகிற அபாயமும் உண்டு. நீங்கள் 'த கேலரி'யில் தொடங்குங்கள். அதில் மெட்டு நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். ஒரு குழுவுக்கு ஐந்து ஆல்பத்துக்குத் தேவையான சரக்கை ஒன்றிலேயே கொட்டியிருக்கிறார்கள். முதல் தடவை மூச்சு முட்டினால் அது இயல்பு.

கோதன்பர்க் பாணிக்கு வழிவகுத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993இல் லிவர்பூலின் கார்கஸ் குழு 'ஹார்ட்வொர்க்' வெளியிட்டது. அழுகல், பிணம், அறுவை என்று ஆரம்பித்த குழு, திடீரென்று முணுமுணுக்கக்கூடிய கிடார் மெட்டுகளோடு வந்து நின்றது. அதில் கிடார் வாசித்த மைக்கேல் அமோட் ஸ்வீடன்காரர், பின்னால் ஆர்ச் எனிமி குழுவை ஆரம்பித்தவர்.

ஆனால் அந்த 1995இல் வந்தவற்றிலேயே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால், நான் மேலே சொன்ன எதையும் எடுக்க மாட்டேன். ஸ்வீடனின் டிசெக்ஷன் குழுவின் 'ஸ்டார்ம் ஆஃப் த லைட்ஸ் பேன்' தான். இதில் மெட்டும் சூழலும் ஒரே பொருளாகிவிடுகின்றன. அட்டையில் நீலப் பனிக்காட்டுக்கு நடுவே குதிரைமேல் மரணம் வருகிறது. வரைந்தவர் நெக்ரோலார்ட் என்று அறியப்படும் கிறிஸ்டியன் வோலின். அந்தக் காலத்து ஸ்வீடன், நார்வே ஆல்பங்கள் பலவற்றுக்கு அவர் கைதான். ஆல்பம் அந்தப் படத்தின் ஒலி வடிவம். டெத் மெட்டலின் முறுக்கு, பிளாக் மெட்டலின் குளிர், மெய்டனின் இரட்டைக் கிடார் மூன்றும் ஒட்டுப்போட்ட அடையாளமே தெரியாமல் கலந்திருக்கின்றன. முதலில் 'வேர் டெட் ஏஞ்சல்ஸ் லை' பாடலை மட்டும் கேளுங்கள். வேகம் குறைவு, கிடார் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிறுத்தி வைத்துக் காட்டிவிட்டு நகர்கிறது. ஆல்பத்தின் கடைசியில் தனியாக ஒரு பியானோத் துண்டு வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாற்பது நிமிடப் புயலுக்குப் பிறகு வரும்போதுதான் அதற்குப் பொருள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. டிசெக்ஷனின் பாடகரும் கிடார் கலைஞருமான ஜோன் நோட்வைட் 1997இல் நடந்த ஒரு கொலைக்கு உடந்தை என்று தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர். 2004இல் வெளியே வந்து, 2006இல் தற்கொலை செய்துகொண்டார். பிளாக் மெட்டலில் இது தனி நிகழ்வு அல்ல, இன்னும் வரும். கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பது மட்டும்தான் நான் சொல்வது.

பின்லாந்துக்காரர்கள் இதே இரட்டைக் கிடாரை எடுத்து வேகத்தைக் குறைத்தார்கள். ஸ்வீடனின் சோகத்தில் கோபம் இருக்கும். பின்லாந்தின் சோகத்தில் அதுகூட இருக்காது, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. அமார்ஃபிஸின் 'டேல்ஸ் ஃப்ரம் த தவுசண்ட் லேக்ஸ்' 1994இல் வந்தது. பாடல் வரிகளை அவர்கள் எழுதவில்லை; 19ஆம் நூற்றாண்டில் எலியாஸ் லோன்ரோட் வாய்மொழிப் பாடல்களிலிருந்து தொகுத்த காலேவலா காவியத்திலிருந்து எடுத்தார்கள். நாட்டுப்பாடல் சாயல் உள்ள மெட்டு, மூக் (Moog) என்ற பழைய சின்தசைசர் கீபோர்டு, அதற்குக் கீழே மண்ணைப் பிளக்கும் உறுமல். ஒருவர் உறுமுகிறார், இன்னொருவர் தெளிவாகப் பாடுகிறார். குரலில் மெட்டு இல்லாமல் முடியவே முடியாது என்கிறவர்களுக்கு நல்ல இடைப்பாலம். 'பிளாக் வின்டர் டே' பாடலின் தொடக்கக் கீபோர்டு வரி ஒரு தடவை காதில் ஏறினால் ஒரு வாரம் இறங்காது.

அதே ஊர்வழியில் பிற்காலத்தில் வந்தவர்கள் இன்சோம்னியம். 2016இல் வந்த 'வின்டர்ஸ் கேட்' மொத்தமும் ஒரே பாடல், 40 நிமிடம். குழுவின் பாடகர் நீலோ செவானன் எழுதிய ஒரு சிறுகதையை ஒட்டியது: புதையல் தேடிக் கடல் கடக்கும் வைக்கிங் கூட்டம், நெருங்கும் குளிர்காலம். கலவை (மிக்சிங்) செய்தவர் டான் ஸ்வானோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். மேலே சொன்ன டிசெக்ஷன் ஆல்பம் பதிவானது இவருடைய யூனிசவுண்ட் ஸ்டுடியோவில்தான். 1996இல் எட்ஜ் ஆஃப் சானிட்டி என்ற தன் குழுவில் 'கிரிம்சன்' என்று அவர் ஒரு ஆல்பம் போட்டார். அதுவும் ஒரே பாடல், அதுவும் 40 நிமிடம். இருபது வருடம் கழித்து இன்னொருவர் அதே விளையாட்டை ஆடும்போது கலவை மேசையில் அவரே உட்கார்ந்திருக்கிறார். பொருத்தம் என்றால் இது.

ஸ்வீடனின் ஒபெத் குழு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறுமலோடு சமாதானம் ஆகாதவர்களில் நிறையப் பேர் ஒபெத் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்', ஸ்டீவன் வில்சன் தயாரிப்பு, 67 நிமிடம். அதில் 'த டிரேப்பரி ஃபால்ஸ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 11 நிமிடம். அக்கூஸ்டிக் கிடாரின் மெல்லிய அசைவு, அதன்மேல் வழுக்கி வழுக்கிப் போகும் ஒரு கிடார் வரி, பிறகு மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டின் தெளிந்த குரல். சில நிமிடங்கள் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மெட்டல் என்பதே மறந்துபோகும். பாதி வழியில் அதே மனிதர் உறுமத் தொடங்குவார். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: குரல் மாறியதும் கிடார் தன் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதுவரை குரலில் இருந்த மெட்டு வேறு உருவத்தில் கிடாருக்கு நகர்ந்துவிடுகிறது. நான் ஆரம்பத்தில் சொன்ன 'பாடுவது கிடார்' விஷயத்தை ஒரே பாட்டுக்குள் கண்ணெதிரே நடத்திக் காட்டுகிற இடம் அது. எனக்கு இதைவிட 1999இன் 'ஸ்டில் லைஃப்' நெருக்கம். ஆனால் வாசல் என்றால் 'பிளாக்வாட்டர் பார்க்' தான். 2011 ஆல்பத்திலிருந்து உறுமலையே கைவிட்டுவிட்டு, 2024இல் மறுபடி அதற்குத் திரும்பினார் ஓகர்ஃபெல்ட். இடைப்பட்ட ஆல்பங்கள் வேறு வகை, இப்போது வேண்டாம்.

அதே ஓகர்ஃபெல்ட் நண்பர்களுக்காக உறுமிக் கொடுத்த ஆல்பம் கேடடோனியாவின் 'பிரேவ் மர்டர் டே', 1996. குழுவின் பாடகர் யோனாஸ் ரென்க்ஸேவால் அந்தச் சமயம் உறுமல் குரலை எடுக்க முடியாமல் போனது, அதனால் இவர் வந்தார். பதிவு அதே யூனிசவுண்ட். இந்த ஆல்பத்தில் நுணுக்கம் என்று எதுவும் இல்லை. ஒரே கிடார் வரி, ஒரே நடை, நிமிடக்கணக்கில். தாளம் மாறாது, வேகம் மாறாது. முதல் பாடல் 10 நிமிடம். என்ன இது, ஊசி மாட்டிக்கொண்ட இசைத்தட்டு மாதிரி என்று தோன்றும். ஐந்தாவது நிமிடத்துக்குப் பக்கத்தில்தான் விஷயம் புரியும்: அந்த வரி மாறவில்லை, அதைக் கேட்கிற நாம் மாறியிருக்கிறோம். நடுவில் 'டே' என்ற பாடலில் மட்டும் உறுமல் இல்லை, ரென்க்ஸே தணிந்த குரலில் பாடுகிறார். இரவுப் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்க இதைவிடப் பொருத்தமான ஆல்பம் எனக்குத் தெரியாது.

இந்தத் திரும்பத் திரும்ப வாசிக்கும் மயக்கம்தான் நம்மைப் பிளாக் மெட்டல் பக்கம், அதாவது கேள்வியின் இரண்டாவது பாதியான சூழல் பக்கம் கொண்டு வருகிறது.

பிளாக் மெட்டலைப் புதிதாகக் கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் குறை, வேகம் தாங்கவில்லை என்பது. அந்த வேகத்தை எண்ணிக்கையில் பார்ப்போம். நிமிடத்துக்கு 200 அடி என்ற வேகத்தில், ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்துக் கிடார் தந்தியை மேலும் கீழுமாகத் தட்டினால் விநாடிக்கு 13 தடவைக்கு மேல் வருகிறது. இதுதான் ட்ரெமலோ. கூடவே டிரம்ஸில் பிளாஸ்ட் பீட், அதாவது இடைவெளியே விடாமல் படுவேகமாக விழும் அடி. இவ்வளவு வேகத்தில் காது தனித்தனி அடிகளை எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. மின்விசிறி வேகம் எடுத்ததும் இறக்கைகள் மறைந்து ஒரு வட்டம் மட்டும் நிற்பது போல, ஓசை ஒரு பரப்பாக மாறிவிடும். அந்தப் பரப்புக்கு மேலே மெட்டு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று பாருங்கள். நான்கு விநாடிக்கு ஒரு ஸ்வரம், சில சமயம் எட்டு விநாடிக்கு ஒன்று. மேலே பார்த்தால் புயல், உள்ளே ஓடுவது தாலாட்டு வேகம். அந்த மெதுவான ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டால் வேகம் தொல்லை தராது, மழைச் சத்தம் மாதிரிப் பின்னால் போய்விடும். மெலோடிக் டெத்தில் காதைக் குரலிலிருந்து கிடாருக்கு மாற்ற வேண்டும் என்றேன். இங்கே இன்னும் ஒரு படி, கிடார் தட்டும் வேகத்திலிருந்து அது ஸ்வரம் மாறும் வேகத்துக்கு மாற்ற வேண்டும்.

இதைப் பழக நல்ல ஆல்பம் நார்வேயின் எம்பரர் குழுவின் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்'. 1993 கோடையில் பதிவு, 1994இல் வெளியீடு. பெர்கன் நகரின் கிரீக்ஹாலன் என்ற பெரிய இசை அரங்கில், பிட்டன் என்று எல்லாரும் அழைக்கும் ஒலிப்பதிவாளரிடம் பதிவானது. கீபோர்டு ஒரு கோபுரம் போல எழுந்து நிற்க, கிடாரும் டிரம்ஸும் அதைச் சுற்றிச் சுழல்கின்றன. அப்போது இஸான் என்ற அந்தப் பாடகருக்கு, கிடார் கலைஞருக்கு, கீபோர்டும் சேர்த்து வாசித்தவருக்கு, வயது 17. இந்தக் குழுவிலும் சிலர் கொலை, தேவாலய எரிப்பு வழக்குகளில் சிறைக்குப் போனவர்கள். முதல் கேட்பில் எல்லாம் குழம்பிய கூழாகத்தான் தெரியும். சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். இந்த ஆல்பம் குறைந்த ஒலியில்தான் அடுக்கடுக்காகப் பிரியும். ஏன் என்று ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் சொல்லலாம், என் அனுபவம் அது.

உல்வெரின் 'பெர்க்டாட்' 1995இல் வந்தது, 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பெண்ணை மலைக்குள் வாழும் பூதங்கள் மயக்கி இழுத்துக்கொண்டு போகும் நாட்டார் கதை, ஐந்து அத்தியாயமாக. தேவாலயத்தில் பாடுவது போலப் பல குரல்கள் அடுக்கிய பாட்டு, குழல், அக்கூஸ்டிக் கிடார், அப்புறம் திடீரென்று பிளாஸ்ட் பீட். நடுவில் ஓரிடத்தில் இசை விலகி, காட்டில் நடக்கும் காலடி ஓசை மட்டும் கேட்கும். அந்தச் சில விநாடிகளுக்காகவே நான் ஹெட்போனில் மட்டும் கேட்கும் ஆல்பம் இது. அடுத்த வருடம் முழுக்க அக்கூஸ்டிக்காக ஒன்று, அதற்கடுத்த வருடம் காதைக் கிழிக்கும் கரடுமுரடாக இன்னொன்று என்று போட்டுவிட்டு, உல்வெர் மெட்டலையே விட்டுப் போய்விட்டார்கள். பிடிவாதக்காரர்கள்.

நார்வேக்காரர் வர்க் விகெர்னெஸ் தனியாளாக நடத்திய 'பர்ஸும்' (Burzum) பற்றியும் சொல்லத்தான் வேண்டும், சங்கடத்தோடு. 'ஃபிலோசோஃபெம்' 1993இல் பதிவாகி 1996இல் வந்தது. கிடாரை வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வழியாகவும், குரலை ஒரு மலிவான ஹெட்செட் மைக் வழியாகவும் வேண்டுமென்றே மோசமாகப் பதிவு செய்தார் வர்க் விகெர்னெஸ். எறும்புப் புற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற அந்த இரைச்சல்மேல், குழந்தை ஒரு விரலால் வாசிப்பது போன்ற கீபோர்டு வரி. சூழல் பிளாக் மெட்டல் என்று இன்று சொல்லப்படும் வகை பெருமளவு இந்த ஆல்பத்திலிருந்து கிளைத்தது. இதை மறுக்க முடியாது. அந்த மனிதர் சக கலைஞரைக் கொன்றதற்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் 1994இல் 21 ஆண்டு தண்டனை பெற்றவர், வெளிப்படையான இனவெறியர். இதையும் மறுக்க முடியாது. நான் அந்த ஆல்பத்துக்குக் காசு கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன். இந்த வகையில் புதிதாக ஒரு குழு பிடித்துப்போனால், சட்டை வாங்குவதற்கு முன்னால் அவர்கள் யார் என்று ஒரு ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள். பின்னால் வருத்தப்படாமல் இருக்கலாம்.

அந்த ஒலியை வாங்கிக்கொண்டு அந்த வெறுப்பை வாங்காமல் விட்டவர்கள் அமெரிக்காவின் வடமேற்கில் இருக்கிறார்கள். ஒலிம்பியா ஊரின் உல்வ்ஸ் இன் த த்ரோன் ரூம், வீவர் சகோதரர்களின் குழு, 2007இன் 'டூ ஹண்டர்ஸ்'. நான்கே பாடல், கடைசிப் பாடல் மட்டும் 18 நிமிடம். ஜெசிகா கென்னியின் குரல் நடுவில் வந்து நிற்கும்போது காட்டுக்குள் வெளிச்சம் விழுந்த மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுதான் என்றால் போர்ட்லண்டின் அகல்லாக், 2002இல் வந்த 'த மேன்டில்'. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் ஒன்றே ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். உறுமல் உண்டு, ஆனால் கிசுகிசுப்பு மாதிரி. பிளாஸ்ட் பீட் கிட்டத்தட்ட இல்லை. ஆல்பத்தில் பெரும்பகுதி, அக்கூஸ்டிக் கிடாரை மீட்டும் ஓசை எலெக்ட்ரிக் கிடாருக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும், பனியில் கால் புதைய நடப்பது போல ஒரே நிதானம். 'இன் த ஷேடோ ஆஃப் அவர் பேல் கம்பேனியன்' பாடல் 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவசரமே கிடையாது. கிடார் ஒரு வரியைச் சொல்லும், மௌனம், மறுபடி அதே வரியைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லும். தாள வாத்தியமாக ஓரிடத்தில் மான் மண்டை ஓட்டைத் தட்டியிருக்கிறார்கள் என்று ஆல்பக் குறிப்பில் இருக்கிறது. விளையாட்டுக்குச் செய்தது போலத் தெரியவில்லை, அந்த வறண்ட ஓசை அங்கே பொருந்துகிறது. அட்டையில் இருக்கும் கொம்பு மானை நான் வெகுநாள் ஏதோ பனிமலைக் காட்சி என்றே நினைத்திருந்தேன். அது போர்ட்லண்ட் நகரின் நடுவே வைக்கப்பட்ட ஒரு சிலை.

பிரெஞ்சுக்காரர்களையும் மறக்கக் கூடாது. அல்செஸ்ட் என்ற பெயரில் இயங்கும் நேஜ், 2007இல் 'சூவனீர் தன் ஓத்ர மோந்த்' வெளியிட்டபோது பிளாக் மெட்டல் கிடாரை அப்படியே வைத்துக்கொண்டு, கத்தலையும் இருட்டையும் எடுத்துவிட்டார். சிறுவயதில் தனக்குத் தோன்றிய வேறொரு உலகக் காட்சிகளைப் பாட்டாக்கியதாகச் சொல்கிறார். உறுமலே வேண்டாம் என்று அடம் பிடிக்கிறவர்கள் இங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம். அதை வெயிலில் காயப்போட்ட மாதிரி வந்தது சான் பிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன், 2013, 'சன்பேதர்'. இளஞ்சிவப்பு அட்டை. அந்த நிறத்துக்காகவே பழைய ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள், இதெல்லாம் பிளாக் மெட்டலா என்று. முதல் பாடல் 'ட்ரீம் ஹவுஸ்' ஒன்பது நிமிடம். மேலே சொன்ன 'வேகத்துக்குள் மெதுவான மெட்டு' இதில் எவ்வளவு பச்சையாகத் தெரிகிறது என்றால், பாடம் நடத்துவதாக இருந்தால் முதல் வகுப்புக்கு இதைத்தான் போடுவேன். மேஜர் ஸ்வரங்களில், அதாவது சந்தோஷமான பக்கத்தில், பிளாஸ்ட் பீட் கேட்பது விசித்திரமான அனுபவம்.

வேகமாகச் சில பெயர்கள். ஆஸ்திரேலியாவின் பிலாகோர், 'ஸ்டோன்ஸ் ரீச்', 2009: மெலோடிக் டெத்தை நீண்ட பாடல்களாக எழுதுகிறவர்கள், இன்சோம்னியம் பிடித்தால் இதுவும் பிடிக்கும். நார்வேயின் விண்டிர், '1184', 2001: மெட்டு நாட்டுப்பாட்டு. பாடகர் வல்ஃபார் 2004இல் பனிப்புயலில் நடந்து போகும்போது குளிரில் இறந்துபோனார். போலந்தின் ம்க்வா, 'எக்ஸர்சைசஸ் இன் ஃப்யூட்டிலிட்டி', 2015: பாடல்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்கள்தான், டிரம்ஸ் கலைஞரின் சிம்பல் வேலையை மட்டும் தனியாக ஒரு தடவை கேளுங்கள். பேனாப்டிகானின் 'கென்டக்கி', 2012: நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டப் பாட்டுகளும் பாஞ்சோவும் பிளாக் மெட்டலும் ஒரே ஆல்பத்தில். சொன்னால் சிரிப்பு வரும், கேட்டால் வராது.

எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தனிப் பாடல்களாகக் கலைத்துப்போட்டுக் கேட்க வேண்டாம். இவை ஆல்பமாகக் கட்டப்பட்டவை. நடுவில் வரும் அக்கூஸ்டிக் துண்டைத் தனியாக எடுத்தால் அது வெறும் அக்கூஸ்டிக் துண்டு. சத்தத்தை மிதமாக வையுங்கள். வரிகளை முதல் தடவை படிக்க வேண்டாம், மூன்றாவது தடவை படியுங்கள். இரண்டு காதிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என் கதை உங்களுக்குத் தெரியும். வரிசை வேண்டுமென்றால்: 'த மேன்டில்', 'பிளாக்வாட்டர் பார்க்', 'டேல்ஸ் ஃப்ரம் த தவுசண்ட் லேக்ஸ்', 'த கேலரி', 'ஸ்டார்ம் ஆஃப் த லைட்ஸ் பேன்', கடைசியாக எம்பரர். ஒன்றுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

இதெல்லாம் முடிந்து இன்னும் ஆசை இருந்தால் சியாட்டிலின் பெல் விட்ச், 'மிரர் ரீப்பர்', 2017. ஒரே பாடல், 83 நிமிடம், கிடாரே கிடையாது, பேஸும் டிரம்ஸும் கொஞ்சம் ஆர்கனும்தான். குழுவின் முன்னாள் டிரம்ஸ் கலைஞர் ஏட்ரியன் குவெரா அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டார். அவர் பழைய ஆல்பத்துக்காகப் பாடி, பயன்படுத்தாமல் விட்டிருந்த குரலை இதில் நடுவில் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள். கிடார்தான் பாடுகிறது, குரல் ஒரு வாத்தியம் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்த இடத்துக்கு மட்டும் அது பொருந்தாது.